சாட்சிப் பொருளுக்குப் பேதி உப்பு

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மும்தாஜ் டீச்சருக்கு, முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ‘ட’ எல்லாம் காற்றடித்த தட்டி போலச் சாய்ந்து கிடக்கும். ‘ண’ எழுதும்போது சுழியை எங்கே நிறுத்துவது என்று கைக்குத் தெரிவதில்லை, சில இடங்களில் ஒரு சுழி கூடப் போயிருக்கும். கோடு போட்ட நோட்டுத்தான். ஆனால் நான் எழுதுவது கோட்டுக்கு மேலே கொஞ்சமும் கீழே கொஞ்சமுமாகப் போகிறது.

நீங்கள் எங்கள் முதியோர் எழுத்து வகுப்பிலிருந்து பிரசவத்துக்கு உடுமலைக்குப் போகும்போது சொன்ன மூன்று விதிகளும் நினைவிருக்கின்றன. மேலே தேதி போட வேண்டும். ஒரு பத்தியில் ஒரு விஷயம்தான் எழுத வேண்டும். தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதக் கூடாது. மூன்றையும் கடைப்பிடிப்பேன்.

நான் சென்னியப்பன். எழுபது வயது தாண்டிவிட்டது. சத்தி ரோட்டில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனால் எழுதிப் பார்க்க ஆசையாக இருந்தது. என் பெயரை நானே எழுதிவிட்டு நானே படித்தேன். சரியாக இருக்கிறது.

இன்று போலீஸ் வந்தது. மூன்றாம் மாடியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்ணின் துணி அலமாரிக்குள் நான்கு தொட்டிகளில் செடி இருந்ததாம். துணி இல்லை, செடி மட்டும். ஊதா நிறத்தில் ஒரு விளக்கு, சின்னதாக ஒரு மின்விசிறி. பெண்ணின் பெயர் சம்யுக்தா. இதை எழுத மூன்று தரம் அழித்தேன். இனிமேல் பாப்பா என்றே எழுதுகிறேன்.

பாப்பா நல்ல பெண். கம்பெனி பஸ் வரும்போது தினமும் என்னிடம், “தாத்தா, போர்டுல என்ன போட்டிருக்கு?” என்று கேட்கும். நான் எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்கும்வரை ஏறாமல் நிற்கும். ஒரு நாள் ‘பீளமேடு’ முடிவதற்குள் பஸ் போயே விட்டது.

ஆகஸ்ட் 6, புதன்

கோர்ட்டில் வக்கீல் ஒரே போடாகப் போட்டாராம். “இது கஞ்சா இல்லீங்க அம்மா, புளிச்சக்கீரை. என் கட்சிக்காரர் வீட்டுக்குள்ள கீரை வளத்தறாங்க.” கோர்ட்டே சிரித்ததாம். ஆனால் செடியின் படத்தைப் பார்த்த நீதிபதி அம்மா சிரிக்கவில்லை. இரண்டுக்கும் இலை விரல் விரித்த மாதிரித்தான் இருக்கும் என்பது உண்மைதான்.

சோதனைக்கு அனுப்பிய இலைகளை ஈரத்தோடு பொட்டலம் கட்டிவிட்டார்கள். பூஞ்சை பிடித்து, ஒன்றும் சொல்வதற்கில்லை என்று திரும்பி வந்துவிட்டது. அதனால் நீதிபதி அம்மா சொல்லிவிட்டார்: “பூக்கட்டும். புளிச்சக்கீரைன்னா மஞ்சளாப் பூக்கும். அதுவரைக்கும் செடி உயிரோட இருக்கணும். பட்டுப்போச்சுன்னா போலீஸ்தான் பதில் சொல்லணும்.”

ஸ்டேஷனில் வைத்த இரண்டே நாளில் செடி தலை தொங்கிவிட்டது. எஸ்.ஐ. குழந்தைவேலு சார் தொட்டி, விளக்கு, விசிறி எல்லாவற்றையும் ஜீப்பில் ஏற்றி இங்கேயே திரும்பக் கொண்டுவந்தார். எங்கள் மீட்டர் ரூமில் வைத்தார்கள். கூட ஏட்டம்மா மரகதம்.

“பெரியவரே, பொறுப்பு உங்களுது. இங்க ஒரு கைநாட்டு வெய்யுங்க” என்றார் எஸ்.ஐ.

“கைநாட்டு எதுக்குங்க சார்? கையெழுத்தே போடறேன்” என்றேன்.

போட்டேன். அவர்கள் இருவரும் நின்றுகொண்டே இருந்தார்கள். கடைசிப் புள்ளி வைக்கும்போது ஏட்டம்மா கடிகாரத்தைப் பார்த்தார். காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று முழுக்கப் படிக்க நேரம் கொடுக்கவில்லை. ‘உயிருடன்’ என்ற சொல்லை மட்டும் படித்தேன். நல்ல சொல்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இலை நுனியெல்லாம் கருகி மேலே வளைந்துவிட்டது. ‘ழ’வின் வால் போல. எஸ்.ஐ. சாருக்குப் போன் செய்தேன். பத்து நிமிடத்தில் ஜீப் வந்தது. என் வீட்டில் திருடு போனபோது மறுநாள்தான் வந்தது.

அவர் செல்போனில் வெளிநாட்டுக்காரர்கள் கஞ்சா வளர்க்கும் வீடியோவை ஓடவிட்டு, இலையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“உரம் ஜாஸ்தியாயிருச்சு. என்ன போட்டீங்க?”

“கடலைப் புண்ணாக்குங்க சார். எங்க எருமைக்குப் போடற அளவுதானுங்க.”

“இது எருமையா பெரியவரே?”

“எருமை தப்பு பண்ணாதுங்களே சார்.”

ஏட்டம்மா திரும்பி நின்று சிரித்தார். மண்ணை நன்றாகக் கழுவும்படி தண்ணீர் விட்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இலை ஓரங்கள் தோசை மடித்ததுபோல் மேலே மடங்கியிருந்தன. விளக்கு பக்கத்தில் இருப்பதால் சூடாம். விளக்கை உயர்த்திக் கட்டினோம். உயர்த்திய பிறகு எனக்கும் எழுத வெளிச்சம் நன்றாக இருக்கிறது. ஊதா வெளிச்சத்தில் என் எழுத்து கொஞ்சம் அழகாகத் தெரிகிறது.

ஆகஸ்ட் 25, திங்கள்

இலையில் நரம்பு பச்சையாகவும் நடுவில் மஞ்சளாகவும் வந்துவிட்டது. எங்கள் போர் தண்ணீர் உப்பு என்றேன். எஸ்.ஐ. சார் ஒத்துக்கொள்ளவில்லை. வீடியோவில் ஏதோ சத்துக் குறைவு என்றார்கள், அதற்கு ஒரு உப்பு வேண்டும் என்றார். பெயரை மருந்துக் கடையில் சொன்னால் கடைக்காரர், “பேதி உப்புங்களா? யாருக்குங்க சார்? எத்தனை நாளா அடைச்சிருக்கு?” என்று கேட்டாராம். கடை நிறைய ஆள். எஸ்.ஐ. சாரால் செடிக்கு என்று சொல்ல முடியவில்லை. எந்தச் செடி என்று கேட்பார்கள். “எனக்குத்தான்” என்று வாங்கி வந்துவிட்டார்.

“இனி அந்தப் பக்கமே போக முடியாது பெரியவரே. ராத்திரிக்கு வெதுவெதுன்னு தண்ணி குடிங்க சார்னு ரோடு வரைக்கும் வந்து சொல்றான்.”

அவருக்கு வேறு தொல்லையும் இருக்கிறது. செல்போனைத் திறந்தாலே கஞ்சா வளர்க்கும் கூடாரம், விளக்கு, சுருட்டும் காகிதம் என்றுதான் விளம்பரம் வருகிறதாம். வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டு நான்கு நாளாகப் பேசவில்லையாம்.

பேதி உப்பைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். செடிக்கு ஒன்றும் ஆகவில்லை. மஞ்சளாவது நின்றது.

செப்டம்பர் 2, செவ்வாய்

பாப்பா ஜாமீனில் வந்துவிட்டது. கம்பெனி வேலை போய்விட்டது. தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், செடிப் பக்கம் போகக் கூடாது. கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு மெதுவாகக் கேட்டது.

“தாத்தா, செடி எப்பிடி இருக்கு?”

“தேறிருச்சு அம்மிணி. கணுவுலயெல்லாம் வெள்ளையா முடியாட்டம் வருது. இனி சீக்கிரம் பூத்துருமுன்னு எஸ்.ஐ. சொல்றாரு.”

பாப்பா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டது.

“அது பூத்துச்சுன்னா என் கதை முடிஞ்சுது தாத்தா. வருசக் கணக்குல உள்ள போட்ருவாங்க. அம்மாவுக்கு இன்னும் வேலை போனதே தெரியாது.”

“புளிச்சக்கீரை மஞ்சளாத்தானே பூக்கும் அம்மிணி?”

பாப்பா என்னை வெகுநேரம் பார்த்தது. பிறகு, “ஆமா தாத்தா. மஞ்சளாத்தான் பூக்கும்” என்றது. அழுதது என்று எழுதலாமா தெரியவில்லை. தெரியாததை எழுதக் கூடாது என்று நீங்கள் சொன்னதால் விட்டுவிடுகிறேன்.

டவுன் பஸ் வந்தது. போர்டில் என்ன இருக்கிறது என்று பாப்பா கேட்கவில்லை. நானே படித்துச் சொன்னேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

எஸ்.ஐ. சார் இனிப்பு வாங்கி வந்தார். வெள்ளை முடியைப் படம் எடுத்து மேலதிகாரிக்கு அனுப்பினார். “இன்னும் ரெண்டு வாரம் பெரியவரே. கோர்ட்டுல அந்த வக்கீல் மூஞ்சியப் பாக்கணும்.” இவ்வளவு சந்தோஷமாகச் செடியைப் பார்க்கிற ஆளை நான் வாழைத் தோட்டக்காரர்களில்கூடக் கண்டதில்லை. போகும்போது இலையைத் தடவிக்கொடுத்தார். தடவியதை ஏட்டம்மாவும் பார்த்தார்.

செடி கொஞ்சம் வெளுத்தாற்போல் இருக்கிறது. நாளை மொட்டைமாடியில் வெயில் காட்டலாமா என்று கேட்டேன். காட்டுங்கள் என்றார்.

செப்டம்பர் 6, சனி

மொட்டைமாடியில் நான்கு தொட்டிகளையும் வைத்துவிட்டுக் கீழே வந்தேன். கதவைச் சாத்தினேனா என்பது நினைவில்லை. மோட்டார் போடும் வேலை இருந்தது.

இது புதுப் பத்தி. இஸ்திரி போடும் ராயப்பன் வளர்க்கும் கிடாய் மதியம் எங்கள் கட்டடத்திலிருந்து இறங்கி வந்தது. ராயப்பன் என்னிடம் வந்தார்.

“சென்னியப்பண்ணா, என் கெடாய்க்கு என்னாச்சுன்னே தெரீல. அப்பப் புடிச்சு தண்ணித் தொட்டியவே பாத்துட்டு நிக்குது. கூப்பிட்டா சித்தெ நேரங்கழிச்சுத்தான் திரும்புது. மூஞ்சி சிரிக்கறாப்ல இருக்குது.”

“வெயில்ல நின்னிருக்கும் ராயப்பா.”

“நாலு சட்டையைத் தின்னுட்டுங் கூட இன்னும் பசிங்குதுண்ணா. அதுல ஒண்ணு பேங்க் மேனேஜருது.”

இதுவும் புதுப் பத்தி. செடிகளைத் திரும்ப மீட்டர் ரூமில் வைத்துவிட்டேன். தண்டு கொஞ்சம் குட்டையாகிவிட்டது. டீச்சர், ஒரு பத்தியில் ஒரு விஷயம்தான் என்று நீங்கள் சொன்னது எவ்வளவு நல்ல விதி என்று இன்றைக்குத்தான் புரிந்தது.

செப்டம்பர் 9, செவ்வாய்

சந்தைக்குப் போனேன். காய்கறிப் பலகைகளை எல்லாம் படித்தேன். ‘தக்காளி’யில் ‘க்’குப் புள்ளி வைக்கவில்லை, சொன்னேன். கடைக்காரர் சாக்பீஸை என்னிடமே கொடுத்துவிட்டார். என் வாழ்நாளில் நான் திருத்திய முதல் பலகை.

வேரோடு பிடுங்கிய புளிச்சக்கீரை இரண்டு கட்டு வாங்கினேன். வீட்டுக்குத்தான்.

தொட்டிகளுக்கு மண் மாற்றினேன். எஸ்.ஐ. சார் இரண்டு நாளாகப் பந்தோபஸ்துக்குத் திருப்பூர் போயிருக்கிறார். நல்ல வேளை, செடிக்கும் ஓய்வு வேண்டும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

எஸ்.ஐ. சார் வந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. வயதாகிவிட்டது அல்லவா.

“பெரியவரே, அந்த வெள்ளை முடியெல்லாம் எங்க?”

“உதுந்துருச்சுங்க சார். வெயில் ஒத்துக்கலீங்க.”

“தண்டு ஏன் இவ்வளவு செவப்பா இருக்கு?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே செல்போனை எடுத்துவிட்டார். கொஞ்ச நேரம் தேய்த்தார். முகம் தெளிந்தது.

“குளிர்! குளிர் அடிச்சா தண்டு செவக்குமாம். பூ வர்றதும் தள்ளிப் போகுமாம். நல்லாப் போட்டிருக்கான் பாருங்க. மீட்டர் ரூம் சில்லுனு இருக்கு. நீங்க இதைக் கவனிக்கவே இல்லை.”

“தப்புத்தானுங்க சார்.”

சாயந்திரமே ஸ்டேஷனிலிருந்து ஒரு கம்பளி வந்தது. யாருடையது என்று கேட்கவில்லை. தொட்டியைச் சுற்றிக் கட்டினேன்.

செப்டம்பர் 27, சனி

செடி நன்றாகத் தழைக்கிறது. இன்று ஏட்டம்மா தனியாக வந்தார். இலைகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்கு அந்தியூர்ப் பக்கம், சமையலில் கெட்டிக்காரர். ஒரு கொழுந்து இலையைக் கிள்ளினார். வாயில் போட்டார். மென்றார். கண்ணை மூடினார். நாக்கைச் சப்புக் கொட்டினார்.

பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் மீட்டரைப் பார்த்தேன். யூனிட் எல்லாம் எண்களில் இருப்பதால் எளிதாகப் படிக்க முடிகிறது.

“ஐயா.”

“சொல்லுங்க ஏட்டம்மா.”

“அந்தப் புள்ளைக்கு எத்தனை வயசுன்னீங்க?”

“உங்க மூத்த பொண்ணு வயசுதானுங்க இருக்கும்.”

ஏட்டம்மா இன்னொரு கை இலை கிள்ளினார். கைக்குட்டையில் முடிந்தார்.

“சாட்சிப் பொருளுங்க ஏட்டம்மா” என்றேன்.

“ஒரு கடையலுக்குத்தானுங்கய்யா” என்றார்.

அக்டோபர் 11, சனி

ஏட்டம்மா வாரம் மூன்று முறை சோதனைக்கு வருகிறார். இலைகளில் ஆங்காங்கே குறை தெரிவதாக எஸ்.ஐ. சார் கவலைப்படுகிறார். பூச்சியாக இருக்கும் என்று ஏட்டம்மா சொன்னார்.

அக்டோபர் 15, புதன்

எஸ்.ஐ. சார் வேப்பெண்ணெய் கொண்டுவந்து தெளிக்கச் சொன்னார். தெளித்தேன். சாயந்திரம் வந்த ஏட்டம்மா என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அக்டோபர் 29, புதன்

இரவில் விளக்கு எரிந்தால் பூக்காது என்று எஸ்.ஐ. சார் கண்டுபிடித்ததிலிருந்து நான் பகலில்தான் எழுதுகிறேன். அவர் சொன்னது சரிதான். இன்று காலை கதவைத் திறந்தால் பூ.

மஞ்சள். நடுவில் அடர்ந்த குங்கும நிறம். நான்கு தொட்டியிலும்.

எஸ்.ஐ. சாருக்குப் போன் செய்தேன். வந்தார். தொப்பியைக் கழற்றினார். வெகுநேரம் பார்த்தார். செல்போனை எடுத்துத் தேய்த்தார், தேய்த்தார். இந்த முறை அதில் ஒன்றும் கிடைக்கவில்லைபோல.

“பெரியவரே, மூணு மாசமா நான் கீரைக்கா பேதி உப்பு வாங்கினேன்?”

“செடி உயிரோட இருக்குதுங்களே சார்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் வேறு ஒரு கேள்வியும் இருந்தது. வெள்ளை முடியைப் படம் எடுத்து மேலே அனுப்பியவர் அவர். அதைக் கேட்டால் கம்பளி கொடுத்தனுப்பியது யார் என்றும் கேட்க வேண்டியிருக்கும். தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

நவம்பர் 5, புதன்

இன்று கோர்ட்டு. பெரிதாக எழுத வேண்டியிருக்கிறது, கை வலித்தால் நடுவில் நிறுத்துவேன்.

நான்கு தொட்டிகளையும் மேசைமேல் வைத்தார்கள். கோர்ட்டில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து பார்த்தார்கள். நீதிபதி அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“புளிச்சக்கீரைப் பூ எனக்குத் தெரியாதா?” என்றார். வக்கீலின் வாய் திறந்தபடியே இருந்தது. தான் சொன்னது உண்மையாக இருக்கும் என்று அவர் கொஞ்சமும் எதிர்பார்க்கவில்லை என்று எனக்குத் தோன்றியது.

ஆனால் அரசு வக்கீல் எழுந்தார். “அம்மா, இது வீட்டுல எடுத்த அதே செடிதானான்னு உறுதி பண்ணணும்.”

நீதிபதி அம்மா பாப்பாவைக் கூப்பிட்டார்.

“கிட்ட வந்து நல்லாப் பாரும்மா. இது உன் அலமாரியில இருந்த செடிதானா? யோசிச்சுச் சொல்லு. இது உன்னுது இல்லைன்னா, உன்னுது எங்கே போச்சு, அது என்ன செடின்னு நான் கேக்க வேண்டியிருக்கும்.”

பாப்பாவுக்கு நான் ஒன்றுமே சொல்லி வைக்கவில்லை டீச்சர். செடிப் பக்கம் வரக் கூடாது என்று உத்தரவு இருந்தது. உத்தரவை மீறுவது தவறு. அதனால் பாப்பா அந்தச் செடியை அப்போதுதான் பார்த்தது.

மேசைக்குப் பக்கத்தில் வந்தது. சிவந்த தண்டைப் பார்த்தது. மஞ்சள் பூவைப் பார்த்தது. ஒரு தொட்டியில் கம்பளி நூல் இன்னும் ஒட்டியிருந்தது, அதையும் பார்த்தது. நிமிர்ந்து கூட்டத்தில் என்னைத் தேடியது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

“நான் வெச்சிருந்த மாதிரியே இல்லீங்க மேடம்” என்றது பாப்பா.

எஸ்.ஐ. சார் பாதி எழுந்துவிட்டார். ஏட்டம்மா, “முருகா” என்றார்.

பாப்பா ஒரு இலையைத் திருப்பிப் பிடித்தது. குரல் போகப் போக உயர்ந்தது.

“எப்பிடி வெச்சிருந்தேன் தெரியுங்களா? இப்பப் பாருங்க. அடி இலையெல்லாம் வெளுத்து, நுனி கருகி… தாத்தா! தண்ணி ஊத்தறதுக்கு ஒரு அளவில்லையா? வேர் மூச்சு முட்டிச் செத்துப்போகும். இதுல வேப்பெண்ணெயை வேற யாரு இப்பிடி மொழுகினது? வெளக்கடியில எண்ணெய் பூசினா இலை பொரிஞ்சு போகாதா? கொழுந்து ஒண்ணுகூட முழுசா இல்லை. பூச்சி தின்னிருக்கு. யாருமே பாக்கலையா? மூணு மாசத்துல என் செடியைக் கெடுத்து வெச்சிருக்கீங்களே!”

‘என் செடி’ என்று சொன்னதை எழுதுகிறவர் தட்டச்சு செய்துகொண்டார். தட்டும் சத்தம் எனக்குக் கேட்டது.

எஸ்.ஐ. சார் தலையைக் குனிந்துகொண்டார். ஏட்டம்மா மேலே சுற்றும் விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நீதிபதி அம்மா, “இவ்வளவு அக்கறையா வளத்தவங்க கிட்டயிருந்து எடுத்து, இப்படியா பாத்துக்கறது?” என்று போலீஸைக் கண்டித்தார். கேஸ் தள்ளுபடி. தொட்டிகளைப் பாப்பாவிடமே கொடுக்கச் சொன்னார்.

வெளியே வந்ததும் பாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இந்த முறை தெரிந்துதான் எழுதுகிறேன்.

“தாத்தா… என்னோட அந்த…”

“தண்ணி நான் ஜாஸ்தி ஊத்தல அம்மிணி” என்றேன். “வெளுத்தது போர் தண்ணியில. அத்தனை பேர் முன்னால என்னைச் சொல்லிட்டயே.”

நவம்பர் 9, ஞாயிறு

பாப்பா நாளை அம்மாவிடம் போகிறது. சேலத்தில் வேலை தேடப் போகிறதாம். துணி அலமாரியில் இப்போது துணி இருக்கிறது, நானே பார்த்தேன். ஒரு தொட்டியைப் பாப்பா வைத்துக்கொண்டது, மற்ற மூன்றையும் ஏட்டம்மா ஆட்டோ வைத்து எடுத்துப் போனார். வேப்பெண்ணெய் போக எத்தனை தரம் கழுவ வேண்டும் என்று பாப்பாவிடம் கேட்டுக்கொண்டார். எஸ்.ஐ. சார் வரவில்லை. ஆனால் போன் செய்து, “அந்தப் பொண்ணு சொன்னது நெசமா பெரியவரே? எண்ணெயால இலை பொரியுமா?” என்று கேட்டார். எங்கிருந்தோ நான்கு கத்திரிச் செடி வாங்கி வைத்திருக்கிறாராம். ஓரம் மடங்குகிறதாம்.

டீச்சர், உங்களுக்கு ஆண் குழந்தை என்று வகுப்பில் சொன்னார்கள். பெயர் வைத்துவிட்டால் சொல்லி அனுப்புங்கள். ‘ஞ’ இருக்கும் பெயராக மட்டும் வேண்டாம், அது எனக்கு இன்னும் பூனை படுத்திருப்பதுபோல்தான் வருகிறது. இந்த வாரம் முழுக்க அதை எழுதிப் பழகிவிட்டு, அடுத்த ஞாயிறு கிடாயின் உடல்நலத்தைப் பற்றித் தனிப் பத்தியாக உங்களுக்கு எழுதுகிறேன்.